பழைய தலைநகர் மதுரையைச் சுற்றிப் பார்த்தல்

மதுரை, தமிழ்நாட்டின் தென்பகுதியில் வைகை ஆற்றங்கரையில் அமைந்துள்ள பழமையான நகரம் ஆகும். பாண்டியர், மதுரை சுல்தான்கள், நாயக்கர் ஆகியோருக்கு வெவ்வேறு காலங்களில் இது தலைநகராக விளங்கியது. மதுரைக்கு வருவோரில் பலர் மீனாட்சியம்மன் கோயிலை வணங்கிவிட்டு அன்றே திரும்பிவிடுகின்றனர். தலைநகராக இருந்த மதுரை, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும், சந்துகளிலும், தெருப் பெயர்களிலும் இன்னும் காணக் கிடைக்கிறது. அதை எங்கே, எந்த வரிசையில் பார்க்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மதுரையில் எஞ்சியவற்றையும் அழிந்தவற்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். வழிபாடு, விழா, வணிகம், நீதிமன்றம் என ஏதேனும் ஒரு வேலை இருந்த கட்டடங்கள் பிழைத்துக்கொண்டன. வேலை இல்லாமற்போனவை இடிக்கப்பட்டன, அல்லது அவற்றின் கல்லும் மரமும் வேறு கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இதை மனத்தில் கொண்டு நடந்தால் நகரின் வரலாறு எளிதில் விளங்கும்.

வரலாற்றுச் சுருக்கம்

சங்க நூல்களான மதுரைக்காஞ்சி, பரிபாடல் முதலியவை மதுரையைப் பாண்டியரின் தலைநகராகக் கூறுகின்றன. பகலில் நடந்த நாளங்காடியையும் இரவில் நடந்த அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. கிரேக்க, உரோமானிய எழுத்தாளர்களான தாலமியும் பிளினியும் பாண்டியரின் மதுரையை அறிந்திருந்தனர்.

1311-இல் மாலிக் கபூரின் படை மதுரையைத் தாக்கியது. 1335-ஐ ஒட்டித் தில்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அசன் ஷா தன்னாட்சி அறிவித்ததால் மதுரை சுல்தானகம் தோன்றியது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின் விசயநகர இளவரசர் குமார கம்பணர் அதை வென்றார். 1529-ஐ ஒட்டி விசுவநாத நாயக்கர் காலத்தில் நாயக்கர் ஆட்சி தொடங்கியது. திருமலை நாயக்கர் (1623-1659) காலத்தில் நகரம் பெரும் சிறப்புப் பெற்றது. 1736-இல் நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. 1801-இல் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சி வந்தது.

வட ஆப்பிரிக்கப் பயணி கண்ட மதுரை

மொரோக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்தவர் இபன் பதூதா. தூனிசு, கெய்ரோ போன்ற வட ஆப்பிரிக்காவின் பெருநகரங்களைப் பார்த்தவர். 1340-களில் இலங்கையிலிருந்து கடல் வழியாகப் புறப்பட்ட அவர், கப்பல் சேதமடைந்து மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரையை அடைந்தார். அப்போது மதுரையை ஆண்ட கியாசுதீன், இபன் பதூதாவுக்கு உறவினர். சுல்தானகத்தைத் தோற்றுவித்த ஜலாலுதீனின் மகள்களில் ஒருவரை இபன் பதூதாவும் மற்றொருவரைக் கியாசுதீனும் மணந்திருந்தனர்.

மதுரை அகன்ற தெருக்களைக் கொண்ட பெரிய நகரம் என்றும், ஜலாலுதீன் அதைத் தில்லியைப் போல அமைத்தார் என்றும் இபன் பதூதா தம் பயண நூலில் எழுதினார். அவர் வந்தபோது நகரில் கொள்ளைநோய் பரவி மக்கள் விரைவாக இறந்துகொண்டிருந்தனர். உறவினர் என்றும் பாராமல் கியாசுதீனின் கொடுமைகளையும் அவர் பதிவு செய்தார். இந்நூல் பாண்டியருக்கும் நாயக்கருக்கும் இடைப்பட்ட காலத்து மதுரையை நேரில் கண்டவர் எழுதியது என்பதால் வரலாற்றாய்வில் முக்கியமானது. அவர் கண்ட சுல்தான்களின் அரண்மனை இன்று இல்லை. அக்காலத்தோடு தொடர்புடைய தொழுகை இடங்களும் அடக்கத்தலங்களும் மட்டுமே நிலைத்துள்ளன.

தெருக்களின் அமைப்பு

மதுரையின் மிகப் பழைய நினைவுச்சின்னம் அதன் தெரு அமைப்பே எனலாம். மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாகச் சதுர வடிவில் தெருக்கள் அமைந்துள்ளன. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள். அவற்றை அடுத்து ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒவ்வொன்றும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என நான்கு பகுதிகளாகப் பெயர் பெறும். திசையும் தெருவும் தெரிந்தால் மதுரையின் பழைய பகுதியில் யாரும் வழி தவற முடியாது.

தமிழ் மாதங்களின் பெயர்கள் சாமி ஊர்வலங்களோடு தொடர்புடையவை. ஆனால் சித்திரைத் தேர் இன்று சித்திரை வீதியில் ஓடுவதில்லை. அது மாசி வீதிகளில் ஓடுகிறது. மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது மரபுச் செய்தி. அழகர் ஆற்றில் இறங்கும் விழாவையும் மீனாட்சி திருக்கல்யாணத்தையும் ஒரே சமயத்தில் நடக்கும்படி இணைத்தவரும் அவரே என்பர். அரசர் விழாவின் மாதத்தை மாற்ற முடிந்தது, தெருவின் பெயரை மாற்ற முடியவில்லை.

மாசி வீதிகளில் ஆண்டுதோறும் தேர் ஓட வேண்டியிருப்பதால் அவற்றின் அகலமும் திருப்பங்களும் காக்கப்பட்டன. தேரின் வடம் பிடிப்போர் தம்மை அறியாமலேயே ஒரு பழைய நகர வரைபடத்தைக் காத்து வந்துள்ளனர்.

கோட்டையும் அதன் எச்சங்களும்

பாண்டியர் காலக் கோட்டை இன்றைய ஆவணி மூல வீதியை ஒட்டி அமைந்திருந்ததாகக் கருதப்படுகிறது. விசுவநாத நாயக்கர் அதை அகற்றி, பெரிய கோட்டையை வெளியே எழுப்பினார். அதில் 72 கொத்தளங்கள் இருந்தன. ஒவ்வொரு கொத்தளத்தின் காவலும் ஒரு பாளையக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டதாக வரலாறு கூறும்.

பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாயில் மட்டும் இடிக்கப்படாமல் விடப்பட்டது. அம்மன் சன்னதித் தெருவும் கீழ ஆவணி மூல வீதியும் சந்திக்கும் இடத்தில் கடைகளுக்கு நடுவே நிற்கும் கல்வாயில் அதுவே. இடிக்காமல் விட்ட வாயில் என்பதால் 'விட்டவாசல்' எனப் பெயர் பெற்றது. அதன் அடியில் நடக்கும் வழிபாடு அந்த வாயிலுக்குக் காவலாக அமைந்துவிட்டது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இதைக் கடந்து செல்கின்றனர். அது ஒரு கோட்டையின் வாயில் என்று நின்று பார்ப்போர் குறைவு.

நாயக்கர் கோட்டை கடைசியாகப் பெரும் முற்றுகையைச் சந்தித்தது 1763-64-இல். மருதநாயகம் எனப்படும் யூசுப்கான், ஆற்காட்டு நவாபு, ஆங்கிலேயர் ஆகியோரின் கூட்டுப் படையை இக்கோட்டைக்குள் இருந்து எதிர்த்தார். மதில் அவரைக் கைவிடவில்லை. உடனிருந்தோரே பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். நகரின் மேற்கே சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் உள்ளது.

அதன்பின் மதிலுக்கு வேலை இல்லை. மக்கள்தொகை பெருகி நகரம் நெருக்கடியானது. அகழியில் நீர் தேங்கி நோய்க்கும் காரணமாயிற்று. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். இடித்துத் தூர்க்க முன்வந்தோருக்கு அந்த நிலமே வழங்கப்பட்டது. மதில் இருந்த இடம் வெளி வீதிகளாயிற்று. இப்பணியை மேற்பார்வையிட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என இன்றும் வழங்குகின்றன. பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண் கீழ மாசி வீதிப் பகுதியில் உள்ளது. ஓர் இடத்தின் அடையாளமாக அப்பெயரை மதுரை மக்கள் நாள்தோறும் சொல்கின்றனர்.

நாயக்கர் மதிலில் எஞ்சியது, பெரியார் பேருந்து நிலையப் பகுதியில் உள்ள சிறு துண்டே. இங்கு வட ஆப்பிரிக்காவோடு ஓர் ஒப்பீடு பொருந்தும். கெய்ரோவில் 11-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பாப் சுவைலா முதலிய கோட்டை வாயில்கள் இன்னும் நிற்கின்றன. தூனிசில் மதிலின் பெரும்பகுதி அழிந்தபின்னும் வாயில்கள் சில எஞ்சியுள்ளன, உள்நகரின் சந்தைத் தெருக்களும் உயிரோடு உள்ளன. இவ்விரு நகரங்களின் பழைய பகுதிகளும் 1979-இல் உலகப் பாரம்பரியக் களங்களாக அறிவிக்கப்பட்டன. மதுரைக்கு அத்தகைய காப்பு இல்லை.

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில்

கோயிலின் தொன்மை மிகப் பழையது. எனினும் இன்று காணும் கட்டடங்களில் பெரும்பகுதி 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் நாயக்கர் காலத்தவை. மொத்தம் 14 கோபுரங்கள் உள்ளன. வெளிக் கோபுரங்களுள் பழமையானது 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கிழக்குக் கோபுரம். உயரமானது 1559-இல் கட்டப்பட்ட தெற்குக் கோபுரம். இதன் உயரம் 160 அடியைத் தாண்டும். வடக்குக் கோபுரம் நெடுங்காலம் முடிவு பெறாமல் இருந்ததால் 'மொட்டைக் கோபுரம்' எனப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் நகரத்தார் அதை நிறைவு செய்தனர். பெயர் மட்டும் மாறவில்லை.

ஆயிரங்கால் மண்டபத்தை 16-ஆம் நூற்றாண்டில் அரியநாத முதலியார் கட்டினார். இதில் உள்ள தூண்கள் 985. இப்போது கோயில் அருங்காட்சியகமாக இது பயன்படுகிறது. பொற்றாமரைக் குளம், கிளிக்கூட்டு மண்டபம், கம்பத்தடி மண்டபம், முக்குறுணிப் பிள்ளையார் ஆகியவை தவறாமல் காண வேண்டியவை.

இக்கோயிலின் வரலாற்றில் 1939 ஜூலை 8 முக்கியமான நாள். அன்றுதான் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டனர். அதற்கு முன்பு நூற்றாண்டுகளாக நகரின் மக்களில் ஒரு பகுதியினர் இக்கோபுரங்களை வெளியே நின்றே பார்த்தனர் என்பதை இன்று உள்ளே செல்லும் மாணவர் நினைவில் கொள்ள வேண்டும்.

புது மண்டபம்

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள இதைத் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டினார். நீண்ட வரிசைகளாகத் தூண்கள் நிற்க, திருமலை நாயக்கர் உள்ளிட்ட நாயக்க மன்னர்களின் சிலைகளும் புராணச் சிற்பங்களும் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய நானூறு ஆண்டு ஆகியும் பெயர் 'புது' மண்டபமே.

நெடுங்காலம் இம்மண்டபம் தையற்காரர்கள், பாத்திரக் கடைகள், பழைய பாடநூல் கடைகள் ஆகியவற்றால் நிரம்பியிருந்தது. பள்ளிச் சீருடை தைக்கவும் புத்தகம் வாங்கவும் மதுரையின் பல தலைமுறையினர் இங்கே வந்துள்ளனர். கடைகள் மண்டபத்துக்கு ஆள் நடமாட்டத்தைத் தந்தன. அதே கடைகள் சிற்பங்களை மறைத்தன, தூண்களில் ஆணியும் கயிறும் ஏற்றின. அண்மை ஆண்டுகளில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுள்ளன.

இந்த மாற்றத்தின் பின்னணியில் ஒரு விபத்தும் உண்டு. 2018 பிப்ரவரி 2 இரவு, கோயிலின் வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் இருந்த கடைகளில் தீப்பற்றியது. வெப்பத்தில் கல்தூண்கள் வெடித்து, மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்தது. கருங்கல் தீயில் எரியாது என்றாலும் கடும் வெப்பத்தில் பிளந்துவிடும். பயன்பாடு ஒரு கட்டடத்தைக் காக்கும். அளவு மீறினால் அதுவே அழிக்கும் என்பதற்கு இவ்விபத்து சான்று.

திருமலை நாயக்கர் அரண்மனை

கோயிலுக்குத் தென்கிழக்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் 'மகால்' எனப்படும் அரண்மனை உள்ளது. 1636-இல் கட்டப்பட்ட இதில் சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என இரு பெரும் பகுதிகள் இருந்தன. இன்று காண்பது சொர்க்க விலாசமும் அதைச் சார்ந்த நாடக சாலையுமே. பழைய அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே எஞ்சியுள்ளதாகக் கூறுவர்.

பெரிய முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் பருத்த தூண்கள்தாம் முதலில் கண்ணில் படும். இவற்றின் மேல் வளைவுகளும் குவிமாடங்களும் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் எழுப்பப்பட்டவை. தமிழகக் கோயிற்கலையும் இசுலாமியக் கட்டடக்கலையும் இங்கு கலந்துள்ளன. கோயில் மண்டபத்தில் கல்லைச் செதுக்கிய அதே காலத்தவர், அரண்மனையில் சுதையை இழைத்து வேலை செய்தனர். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்போருக்கு இந்த வேறுபாடு நன்கு விளங்கும்.

திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அரண்மனையின் பகுதிகளைப் பிரித்து அங்கே கொண்டு சென்றார். எஞ்சியது சிதைந்து கொண்டிருந்தது. சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு (1866-1872) அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். பின்னர் நீதிமன்றம் அங்கே செயல்பட்டது. வழக்காட வருவோருக்குக் கூரை ஒழுகக்கூடாது என்ற தேவை, அரசரின் கூடத்தையும் காப்பாற்றியது. 1970-ஐ ஒட்டி நீதிமன்றம் இடம்பெயர்ந்தபின், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இது நினைவுச்சின்னமாக உள்ளது.

காணாமற்போன முக்கால் பங்கைத் தேட விரும்புவோர் சுற்றுத் தெருக்களில் நடக்க வேண்டும். அருகில் ஒரு குறுகிய சந்தில் வீடுகளுக்கு இடையே பத்துப் பெரிய கல்தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அரண்மனையின் பகுதியாகக் கருதப்படும் இவை 'பத்துத்தூண்' எனப்படுகின்றன. இவற்றின் மேல் கூரை இல்லை, கீழே அன்றாட வாழ்க்கை நடக்கிறது. நவபத்கானா தெரு என்ற பெயர், அரண்மனையில் முரசும் இசையும் முழங்கிய கூடத்தை நினைவூட்டுகிறது. அரண்மனை நிலத்தில் உருவான மகால் தெருக்களில், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற சௌராட்டிர மக்கள் வாழ்கின்றனர். மதுரைச் சுங்குடிச் சேலை இவர்களின் கைத்திறனுக்குச் சான்று.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்

கோயிலுக்குக் கிழக்கே மூன்று, நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ள இக்குளத்தைத் திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்தார். ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. நடுவில் மைய மண்டபமும் சோலையும் உள்ளன. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்றும், அங்கே தோண்டியபோது கிடைத்தவரே முக்குறுணிப் பிள்ளையார் என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது. தைப்பூசத்தன்று இங்கு தெப்பத் திருவிழா நடைபெறும்.

வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாக இதற்கு நீர் வந்தது. கால்வாய் தூர்ந்தபின் குளம் பல ஆண்டுகள் வறண்டு, சிறுவர்கள் கிரிக்கெட் விளையாடும் திடலாயிற்று. விழாவுக்கு மட்டும் நீர் நிரப்பப்பட்டது. அண்மையில் கால்வாய் சீரமைக்கப்பட்டு மீண்டும் ஆற்றுநீர் வந்தது. குளம் நிறைந்ததும் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர் ஊறத் தொடங்கியது. பழைய கட்டுமானத்துக்கு அதன் பழைய வேலையையே திருப்பித் தருவது சிறந்த பாதுகாப்பு என்பதை இக்குளம் காட்டுகிறது.

பிற வழிபாட்டு இடங்கள்

கூடலழகர் கோயில்: பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள பழமையான வைணவத் தலம். பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் மூன்று நிலைகளில் காட்சி தரும் அட்டாங்க விமானம் இதன் சிறப்பு.

காசிமார் பெரிய பள்ளிவாசல்: மதுரையின் மிகப் பழைய பள்ளிவாசலாகப் போற்றப்படுவது. பாண்டியர் காலத்தோடு தொடர்புடையது என்பது மரபு. இதுவும் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ளது.

கோரிப்பாளையம் தர்கா: வைகையின் வடகரையில் உள்ளது. மதுரை சுல்தானகக் காலத்தவரின் அடக்கத்தலம். பெரிய குவிமாடம் இதன் அடையாளம். பல சமயத்தினரும் இங்கு வருகின்றனர்.

புனித மரியன்னை பேராலயம்: கீழ வெளி வீதியில் உள்ளது. இரட்டைக் கோபுரங்களும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்டது. மதுரையில் கத்தோலிக்கப் பணி, இராபர்ட் தெ நோபிலி 1606-இல் வந்தபின் புதிய முறையில் வளர்ந்தது.

மங்கம்மாளும் காந்தியும்

ராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சி நடத்தியவர். சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததால் மக்கள் நினைவில் நிலைத்தவர். மதுரைத் தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் உள்ளது. வைகையின் வடகரையில் தமுக்கம் அரண்மனையும் அவரோடு தொடர்புடையது. இவ்வரண்மனையே இன்று காந்தி நினைவு அருங்காட்சியகம். இதை 1959 ஏப்ரல் 15 அன்று ஜவகர்லால் நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த, இரத்தக் கறை படிந்த ஆடையின் பகுதி இங்கு வைக்கப்பட்டுள்ளது.

காந்தி தம் உடையை மாற்றியதும் மதுரையில்தான். 1921 செப்டம்பர் 22 அன்று, மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் அவர் முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அக்கட்டடத்தில் இப்போது கதர் விற்பனை நிலையம் உள்ளது.

பழங்காநத்தம் வழியாகத் திருப்பரங்குன்றம்

கோட்டைக்கு வெளியே நகரம் எவ்வாறு வளர்ந்தது என்பதை அறியத் தென்மேற்குச் சாலை ஏற்றது. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் நகரப் பேருந்துகள் பழங்காநத்தம் வழியாகச் செல்கின்றன. கோயிலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவில் உள்ள பழங்காநத்தம், இன்று போக்குவரத்து மிகுந்த நகர்ப்பகுதி. 'நத்தம்' என்பது மக்கள் வாழும் ஊர் நிலத்தைக் குறிக்கும் சொல். வயல்களுக்கு இடையே இருந்த ஊர்களை நகரம் விழுங்கியபோதும், அவற்றின் பழைய இயல்பை ஊர்ப் பெயர்கள் இவ்வாறு காத்து வைத்துள்ளன.

பழங்காநத்தத்தைக் கடந்தால் பசுமலை. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மதுரை மிசன் இங்கே கல்விப் பணி செய்தது. அடுத்து வருவது அறுபடை வீடுகளில் முதலாவதான திருப்பரங்குன்றம். முருகன் கோயிலின் கருவறைப் பகுதி 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரை. மலையில் தமிழ்ப் பிராமி எழுத்துகளுடன் கூடிய சமணர் கற்படுக்கைகள் உள்ளன. மலையுச்சியில் சிக்கந்தர் தர்கா உள்ளது. தென்புறத்தில் உமையாண்டார் குடைவரை, சமணக் குகையாக இருந்து 13-ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாறியது. ஒரே குன்றில் இத்தனை சமயங்களின் சுவடுகளையும் காண்பது அரிது.

நகருக்கு வெளியே

மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. வடகிழக்கே ஒத்தக்கடைக்கு அருகில் யானைமலை. அங்குள்ள நரசிங்கம் குடைவரைக் கோயில் கி.பி. 770-ஐச் சேர்ந்தது. மாங்குளத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைத் தருகிறது.

தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தில் கீழடி உள்ளது. 2014-15 முதல் நடந்த அகழாய்வில் செங்கல் கட்டுமானங்களும், உறைகிணறுகளும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. 2023 மார்ச் 5 அன்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

பயணத் திட்டம்

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கோயிலில் தொடங்குவது நல்லது. கூட்டம் குறைவு, கல்தளமும் சுடாது. கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. நண்பகலில் நடை சாத்தப்படும். பிறகு புது மண்டபம், விட்டவாசல், விளக்குத்தூண் என்ற வரிசையில் நடந்தே மகாலை அடையலாம். விளக்குத்தூண் பகுதியில் பாலும் கடற்பாசியும் நன்னாரிச் சர்பத்தும் சேர்ந்த ஜிகர்தண்டா குடித்து இளைப்பாறலாம். மகாலையும் பத்துத்தூணையும் பார்த்தபின், வெயில் தாழ்ந்ததும் தெப்பக்குளம் செல்லலாம்.

இரண்டாம் நாள் காலை காந்தி அருங்காட்சியகமும் கோரிப்பாளையமும், மாலை பழங்காநத்தம் வழியாகத் திருப்பரங்குன்றமும் பார்க்கலாம். மூன்றாம் நாள் கிடைத்தால் கீழடிக்கும் யானைமலைக்கும் ஒதுக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு ஏற்ற காலம். விழாவைக் காண விரும்புவோர் சித்திரையில் வரவேண்டும். ஆனால் அப்போது கட்டடங்களை நின்று பார்க்க இயலாது.

மாணவர்கள் செய்யத்தக்கவை

* கோயிலிலிருந்து வெளி வீதி வரை ஒரே திசையில் நடந்து, கடக்கும் தெருக்களின் பெயர்களை வரிசையாகக் குறித்துப் படம் வரையலாம்.
* கோயில் தூண் ஒன்றையும் மகால் தூண் ஒன்றையும் வரைந்து, கல்வேலைக்கும் சுதைவேலைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதலாம்.
* தாம் வாழும் பகுதியின் பெயருக்கு வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியவர்கள் என்ன காரணம் கூறுகின்றனர் என்று கேட்டுப் பதிவு செய்யலாம். நத்தம், புரம், பாளையம், குளம், கண்மாய் என முடியும் பெயர்களைத் தனித்தனியே தொகுக்கலாம்.
* சுவரிலோ தூணிலோ பெயர் எழுதாமல் இருப்பதும், எழுதுபவரைத் தடுப்பதும் பாதுகாப்புப் பணியே.

இன்றைய நிலை

பெரிய கோயிலுக்கும் மகாலுக்கும் துறைகளின் காவல் உண்டு. விட்டவாசல், பத்துத்தூண், கோட்டையின் எச்சம் போன்ற சிறு சின்னங்களைச் சுற்றிக் கடைகளும் வாகனங்களும் நெருக்கியுள்ளன. இவற்றுள் ஒன்று விழுந்தால் திரும்பக் கட்ட முடியாது. மலைகளுக்கும் இதே நிலைதான். மதுரை வட்டாரத்தில் கற்சுரங்கங்களால் குன்றுகள் பல சிதைந்துள்ளன.

அண்மையில் வேறொரு முடிவையும் இப்பகுதி கண்டது. குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கைகளும் கொண்ட அரிட்டாபட்டி, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அப்பகுதி டங்சுடன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டது. மேலூர்ப் பகுதி மக்கள் தொடர்ந்து போராடினர். 2025 சனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. அம்மலை அவர்களுக்குப் பழம்பொருளாக மட்டும் இருக்கவில்லை. கண்மாய்க்கு நீர் தருவதும், ஆடுமாடு மேய்வதும், சாமி கும்பிடுவதும் அங்கேதான். ஆகையால் அவர்கள் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

தேர் ஓடுவதால் மாசி வீதியும், நீதிமன்றம் நடந்ததால் மகாலும், நீர் நிற்பதால் தெப்பக்குளமும் எஞ்சின. வேறு எந்த வேலையும் இல்லாத சின்னங்களுக்கு, வந்து பார்ப்போரும் அவற்றைப் பற்றிச் சொல்வோருமே துணை. மதுரையில் கோயிலைத் தாண்டி இன்னும் இரண்டு தெரு நடந்து பார்ப்பதற்கு அந்த அளவில் பயன் உண்டு.